மார்க்கை வீட்டில் சொல்ல முடிகிற நிலை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தாவரவியல் படிக்கிறேன். பிளஸ் 2 முடித்து அதிக காலம் ஆகவில்லை. பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டுகிற படங்கள் வரும், உள்பக்கத்தில் ஏதாவது ஒரு மூலையில் மார்க் குறைந்ததால் உயிரை விட்ட ஒரு பிள்ளையைப் பற்றி நாலு வரி வரும். பெற்றோர் கண்டித்ததால் மனமுடைந்து என்று காரணமும் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் 'ஐயோ பாவம்' என்பார்கள், அப்புறம் எங்களைப் பார்த்து 'ஒனக்கு எவ்வளவு வரும்?' என்று கேட்பார்கள். இதைப் பற்றி யாராவது படிக்கிற பிள்ளைகள் பக்கத்தில் இருந்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் போட்டு ஆட்டுவது பரீட்சைப் பயத்தைவிட, வந்த மார்க்கை வீட்டில் எப்படிச் சொல்வது என்கிற பயம். காலாண்டில் மார்க் குறைந்தால் அரையாண்டுக்குள் சரிசெய்யலாம், நேரம் இருக்கிறது, டீச்சர் இருக்கிறார். ஆனால் குறைந்ததே வீட்டுக்குத் தெரியாவிட்டால் யார் என்ன உதவி செய்ய முடியும்? என் வகுப்பில் 'பேப்பர் இன்னும் தரல' என்று வாரக்கணக்கில் சொல்லிச் சமாளித்தவர்கள் இருந்தார்கள். பிராக்ரஸ் கார்டில் அக்காவிடம் கையெழுத்து வாங்கி வந்தவர்கள் இருந்தார்கள். பள்ளியில் இருந்து மார்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்ததும், அம்மாவின் போனை எடுத்து அந்த ஒரு மெசேஜை மட்டும் அழித்துவிட்டு வைத்தவர்களும் உண்டு. இவர்கள் யாரும் பொய் சொல்லிப் பழகிய பிள்ளைகள் கிடையாது. உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது என்று தெரிந்த பிள்ளைகள். ஒரு தேர்வில் மறைத்தால் அடுத்ததிலும் மறைத்தே ஆக வேண்டும். அப்படியே இழுத்துக்கொண்டு போய்ப் பொதுத்தேர்வு முடிவு வருகிற காலையில், இனி மறைக்க வழியில்லை என்று வந்து நிற்கும். அதுவரை பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த அப்பா அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் முதல் அடி விழும். அந்த நேரத்தில் அவர்கள் வாயில் வருகிற வார்த்தைக்கு அளவிருக்குமா?

இதற்குப் பெற்றோரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டில் இதுதான் அதிகம், மாநிலத்துக்கு மொத்தமாக 80.09தான். இது சும்மா வந்துவிடவில்லை. 1809இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில் இந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது, மேலாடை அணிவதற்கே பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்த ஊர் இது. படிப்புதான் தலைநிமிர வைக்கும் என்று எங்கள் முன்னோர்கள் பிடித்த பிடிக்கு அப்படி ஒரு காரணம் இருந்தது. என் பாட்டி அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உரித்து, தோல் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரலோடுதான் அம்மாவைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், வளைகுடாவில் வெயிலில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் பிள்ளையின் படிப்பில்தான் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அது பிள்ளைக்கு வந்து சேரும்போது எப்படி மாறிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். அப்பா சவூதியில் ஏசி மெக்கானிக். ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ காலில் வருவார். 'சாப்பிட்டியா'வுக்கு அடுத்த கேள்வி 'இன்னைக்கு என்ன டெஸ்ட்டு, எவ்வளவு'. அவர் கோபக்காரர் இல்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என் வாழ்க்கையில் அவரால் பிடித்துப் பார்க்க முடிந்தது அந்த எண் ஒன்றைத்தான். அம்மாவுக்குத்தான் இரண்டு பக்கமும் பாரம். அப்பா அனுப்புகிற பணத்துக்கு அம்மா கணக்குச் சொல்வார், டியூஷன் பீஸ் எவ்வளவு, பஸ் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று. என் மார்க்கும் அந்தக் கணக்கில் ஒரு வரி. மார்க் குறைந்தால் நீ வீட்டில் இருந்து என்ன பார்த்தாய் என்கிற கேள்வி அம்மாவுக்கு வரும், அப்பா கேட்காவிட்டாலும் மாமி கேட்பார். அம்மா என்னைத் திட்டியதில் பாதி, அவர் வாங்கியதைத்தான் என்னிடம் கொடுத்தார் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன, வலித்தது வலித்ததுதான்.

வீட்டுக்கு வெளியே வந்தாலும் விடுதலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், திங்கள்சந்தையில் பஸ்ஸுக்கு நின்றால், பிளஸ் 2 படிக்கிற பிள்ளை என்று தெரிந்தால் போதும், எவ்வளவு வரும், டாக்டரா இன்ஜினியரா என்றுதான் ஆரம்பிப்பார்கள். கிறிஸ்துமஸ் விழாவிலும் கோயில் கொடையிலும் அதிக மார்க் வாங்கினவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கிற மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த நேரத்தில் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிற பார்வையை மேடையில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியது. அது நல்ல முடிவு. ஆனால் மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவில் வரை ரோட்டோரம் பாருங்கள், அரசு எடுத்துவிட்ட ரேங்க் எல்லாம் டியூஷன் சென்டர் பிளெக்ஸில் இருக்கிறது, போட்டோவோடு.

படிப்பின் சுமையும் முன்பு மாதிரி இல்லை என்பதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். பிளஸ் 2வில் 600, நீட்டில் 720, இன்ஜினியரிங் கட்-ஆஃபில் 200, ஒரே பிள்ளை ஒரே வருடத்தில் இந்த மூன்று கணக்குக்கும் ஓடுகிறது. பொதுத்தேர்வுக்கு விளக்கி எழுதிப் பழக வேண்டும். நீட்டில் 180 கேள்விக்கும் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தப்பாகிவிட்டால் ஒரு மார்க் கழிப்பார்கள். ஒன்றுக்குத் தயாராகிற விதம் மற்றதற்கு உதவுவதில்லை. நானெல்லாம் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தேன் என்று மாமா ஒருவர் அடிக்கடி சொல்வார். உண்மைதான், கஷ்டப்பட்டிருக்கிறார், ஆனால் அவர் எழுதியது ஒரு தேர்வு.

பள்ளிகளும் இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து பிளஸ் 1லேயே செக்‌ஷன் பிரித்தார்கள். எந்த செக்‌ஷன் என்று சொன்னாலே மார்க் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். கடைசி செக்‌ஷனில் இருந்தவர்கள் பஸ்ஸில் அதை வெளியே சொல்லவே மாட்டார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர்களின் மனநலத்துக்காக வழிகாட்டுதல்கள் தந்தது. மார்க்கை வைத்து மாணவர்களைத் தனித்தனிக் குழுவாகப் பிரிக்கக் கூடாது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது, 100 பேரோ அதற்கு மேலோ படிக்கிற இடத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் பள்ளிகளிலும் கோச்சிங் சென்டர்களிலும் இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்று உங்கள் நிருபர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து எழுதினால் எத்தனையோ வீடுகளுக்கு உதவும்.

சரி, வீட்டில் சொல்வது என்கிற விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் 2 காலாண்டில் எனக்கு இயற்பியலில் 70க்கு 24. பத்தாம் வகுப்பில் பரிசு வாங்கின பிள்ளை நான், அதனால் அந்த 24ஐ எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. சித்தியிடம் போனில் சொன்னேன். சித்தி நர்ஸ். அவர் திட்டவில்லை, பரவாயில்லை விடு என்றும் சொல்லவில்லை. "பேப்பரை எடுத்து வை, சனிக்கிழமை வாறேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை அம்மா அடுக்களைத் திண்ணையில் மரச்சீனிக் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்து அவரும் சீவத் தொடங்கினார், ஊர்க்கதை கொஞ்சம் பேசினார்கள், அப்புறம் என்னைக் கூப்பிட்டு பேப்பரைக் கொண்டு வரச் சொன்னார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேலே சிவப்பில் இருந்த எண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இத இப்பந்தான் சொல்லுதியா மக்ளே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் சித்தி பேப்பரை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு மார்க் கேள்வி 15இல் 13 சரி. அஞ்சு மார்க் கேள்விகள் ஐந்தும் வெள்ளையாக இருந்தன, 25 மார்க் அங்கேயே போயிருந்தது. "பாடம் தெரிஞ்சிருக்கு, எழுதத்தான் இல்ல. ஏன் எழுதல?" என்று கேட்டார். காலையில் அஞ்சு மணிக்கு டியூஷன், பள்ளி விட்டதும் எட்டரை வரை டியூஷன், எழுதிப் பார்க்க நேரமே இல்லை என்று அப்போதுதான் நான் வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை அம்மாவும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, எனக்கும் அதைச் சொல்லத் தோன்றியதில்லை. அடுத்த மாதத்தில் இருந்து காலை டியூஷனை நிறுத்தினோம். அந்த நேரத்தில் அம்மா சமைக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெரிய கேள்வியாக எழுதிப் பார்த்தேன். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அரையாண்டில் கொஞ்சம் ஏறியது, பொதுத்தேர்வில் நல்லபடியாகத் தேறினேன்.

நீட் எழுத விருப்பமில்லை, செடிகொடி படிக்கத்தான் ஆசை என்று அப்பாவிடம் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நாள் அவர் வீடியோவில் வரவே இல்லை, அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவார். அம்மாதான் எனக்காகப் பேசினார், அந்தக் காலாண்டு பேப்பரைப் பார்த்த அம்மா. சொல்லிப் பழகிய வீட்டில் அடுத்ததைச் சொல்வதும் கொஞ்சம் சுலபமாகிறது என்பது எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அதனால் இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். பெரிய தேர்வு வரை காத்திருக்க வேண்டாம், சின்ன டெஸ்டில் குறைந்ததையே சொல்லத் தொடங்குங்கள், அப்போது வீட்டிலும் அதிர்ச்சி சின்னதாக இருக்கும். வெறும் எண்ணை மட்டும் சொன்னால் அப்பா அம்மாவால் அந்த எண்ணை வைத்துத் திட்டத்தான் முடியும், பேப்பரைக் கையில் கொடுத்து எங்கே போச்சு என்று காட்டினால் பேசுவதற்கு வேறு ஒரு விஷயம் கிடைக்கும். தனியாகச் சொல்ல முடியாவிட்டால் சித்தியோ மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, வீட்டில் எந்தப் பெரியவரின் பேச்சு எடுபடுமோ அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்லாதீர்கள், நாலு பேர் வந்திருக்கும்போதும் வேண்டாம். சொன்ன பிறகு சத்தம் வரும். வரட்டும். அந்தச் சத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும், மறைத்து வைத்த மார்க் மாதக்கணக்கில் உள்ளே இருந்து அரிக்கும்.

எல்லா வீட்டிலும் இது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். மார்க் குறைந்தால் பெல்ட்டை எடுக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்து புத்தகத்தைக் கிழித்துப் போட்ட வீட்டில் இருந்து ஒரு பெண் என் வகுப்பில் படித்தாள். அப்படிப்பட்ட வீட்டில் போய் பேப்பரைக் காட்டு என்று சொல்ல நான் யார். அந்தப் பிள்ளைகள் முதலில் நம்பிக்கையான ஒரு டீச்சரிடம் சொல்லட்டும், இல்லாவிட்டால் 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடட்டும், 18 வயதுக்கு உட்பட்ட யாரும் அதில் இலவசமாகப் பேசலாம். மனசு தாங்க முடியாமல் போனால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், 14416 என்கிற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதலில் வீட்டில் சொல்ல வேண்டுமே என்று யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

பெற்றோருக்கு நான் புத்தி சொல்ல முடியாது, வயதும் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுகிறோம் என்பதை தினமும் சொல்லாதீர்கள். எங்களுக்குத் தெரியும். அப்பாவின் கையில் இருக்கிற வெட்டுத்தழும்பும் அம்மா அடகு வைத்த வளையலும் எங்கள் கண்ணில் படத்தான் செய்கிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, மார்க் குறைந்த அன்றைக்கு நாங்கள் உங்களுக்குக் கடன்பட்டவர்களாகத்தான் வீட்டுக்குள் வருகிறோம், கடன் திருப்பிக் கொடுக்க முடியாதவன் வீட்டு வாசலில் எப்படி ஒளிவானோ அப்படி ஒளிகிறோம். பொதுத்தேர்வு முடிவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒருநாள் ராத்திரி பிள்ளையை உட்கார வைத்து, குறைந்தால் என்ன செய்யலாம் என்று பேசிவிடுங்கள். எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு, இல்லாவிட்டால் ஐடிஐயா, பாலிடெக்னிக்கா என்று எல்லாவற்றையும் பேசி வைத்தால், முடிவு வரும் காலையில் பிள்ளைக்குக் கண் முன்னால் ஒரு வழியாவது இருக்கும். முடிவு வந்த அன்று வருகிற போன் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்களுக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

2022இல் மட்டும் நாடு முழுக்கத் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் இருக்கிறது. எல்லாமே மார்க்கால் என்று நான் சொல்லவில்லை, காரணங்கள் பல இருக்கும். ஆனால் ஒரு பாடத்தில் போய்விட்டது என்பதற்காக எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைக்கு, அந்தக் காலை நேரத்தில் யாரும் சொல்லாத சில விஷயங்கள் இருக்கின்றன. பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ். தவறினால் அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடக்கிறது, அதில் தேறி அதே வருடம் காலேஜில் சேர்ந்தவர்கள் என்னோடே படிக்கிறார்கள். மார்க் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கலாம், அதைப் பார்த்துவிட்டு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் பிள்ளைக்கும் தெரிய வேண்டும், அதைவிட முக்கியமாக அம்மாவுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் நாளிதழை முதலில் எடுத்துப் பார்ப்பது பிள்ளை இல்லை.

அதனால் ஆசிரியருக்கு என் கோரிக்கை இது. அடுத்த முறை பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 முடிவு வெளியாகிற நாளிலும் மறுநாளும், முதல் பக்கத்தில் சிரிக்கிற பிள்ளைகளின் படத்துக்கு மேலே ஒரு பெட்டி போடுங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், விடைத்தாள் நகலுக்கு எங்கே எப்படி விண்ணப்பிப்பது, 14416, 1098, இவ்வளவும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். உயிரை விட்ட பிள்ளையின் செய்தியைப் போட வேண்டி வந்தால் மார்க்கையும் வீட்டில் நடந்த சண்டையையும் போடாமல் விடுங்கள், அதன் அடியிலும் அந்த எண்கள் இருக்கட்டும். எங்கள் மாவட்டப் பதிப்பில் இருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவி,
கருங்கல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்